பின் சக்கரங்கள்

தினம் முப்பது நிமிஷம் நடக்கணும் என்றார்
காலடிப்பேட்டை டாக்டர்.
யார் என்று நான் கேட்கவில்லை.
எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில்
காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை
நின்றுவிட்டு வருகிறவள் நான்.
உட்கார ஸ்டூல் தர வேண்டும் என்று சட்டம் வந்தது.
ஸ்டூலும் வந்தது.
அதன்மேல் நைட்டி பண்டல் அடுக்கியிருக்கிறார்கள்.

பில்லுவுக்கு அதெல்லாம் தெரியாது.
(வந்த அன்றே ஒரு பில் ரோலைத் தின்று தீர்த்தவன்,
வேறென்ன பெயர் வைப்பது.)
சாவிச் சத்தம் கேட்டால் போதும்
பெல்ட்டைக் கவ்விக்கொண்டு படியில் நிற்பான்.

நாய் நடத்துவதில் எத்தனை தினுசு எங்கள் பக்கம்.
கல்மண்டபம் தேவசகாயம் சார்
அந்த வாட்சைக் கட்டிய நாளிலிருந்து
லாப்ரடாரை எதையும் மோந்து பார்க்க விடுவதில்லை.
எட்டாயிரம் அடி ஆனதும் திரும்பிவிடுவார்,
அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தாலும்.
ஷமீம் தன்னுடையதை எக்ஸெல்லில் முன்னால் ஏற்றி
மேம்பாலம் வரை ஒரு ரவுண்டு.
காது ரெண்டும் பறக்கும், கால் நாலும் சும்மா.
மூன்றாவது மாடி ராட்வீலர் ஜோடியை
மாசம் நாலாயிரத்துக்கு நடத்துகிறான் ஜெபின்.
போனில் அவளோடு சண்டை என்றால்
அன்றைக்கு நாய்களுக்கு யோகம், ஒரு மணி நேரம்.
காசிமேட்டில் யாரும் யாரையும் நடத்துவதில்லை.
ஏலம் முடிகிற நேரம் நாய்களுக்கே தெரியும்.

முதல் மாதம் நான் இழுத்தேன், அவன் இழுத்தான்.
அப்புறம் யூடியூப் பார்த்து, பிஸ்கட் காட்டி
முழங்காலை ஒட்டியே நடக்கப் பழக்கினேன்.
நடந்தான்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான்,
சூப்பர்வைசர் வரும்போது நான் புடவை மடிப்பதுபோல.
வீடு வந்ததும் மிதியடியைக் கிழித்தான்.

சரி, நீ போ, நான் வர்றேன் என்று விட்டேன்.

கடலுக்குப் போவான் என்று நினைத்தேன்.
போனது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு,
ஹார்பர் கேட்டைப் பார்த்து
மைல் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு.
ஒரு டயர். அடுத்த டயர். திரும்பவும் முதல் டயர்.
எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.
ஓங்கோல் டாபாவில் ஒருத்தன் காலைத் தூக்கியிருக்கிறான்.
கூடூர் டோல்கேட்டில் இன்னொருத்தன்.
அதற்கும் அப்பால், எனக்குப் பெயர் தெரியாத ஊரில்
சர்க்கரை வியாதிக் கிழவன் ஒருத்தன் இருக்கலாம்.
எல்லாரும் சக்கரத்தோடு சுற்றி
தண்டையார்பேட்டைக்கு வந்திருக்கிறார்கள்.
பில்லு அவசரப்படுவதில்லை.
கடைசியில் ஒரே ஒரு டயரைத் தேர்ந்து
தன் பங்கைச் சேர்ப்பான்,
ரெண்டு சொட்டு, சிக்கனமாக.
நாளைக்கு அது சூளூர்பேட்டையைத் தாண்டிவிடும்.
நான் தாண்டினதில்லை.

டிவைடர் கட்டையில் உட்காருவேன்.
செருப்பைக் கழற்றுவேன்.
மணலிப் பக்கமிருந்து கேஸ் நாற்றம் வரும், வரட்டும்.

ரோந்து வண்டி வேகம் குறையும்.
போன வருஷம் பஸ் கிடைக்காமல்
இதே இடத்தில் நின்றேன், தனியாக.
எந்த ஏரியா, வீட்டில் யாரு,
இந்நேரத்துக்கு என்னம்மா வேலை?
இப்போது டார்ச் முதலில் பில்லு மேல் விழுகிறது,
பெல்ட் வழியாக என் கைக்கு வருகிறது,
முகம் வரை வருவதில்லை.
"நாயா?"
"நாய் சார்."
போய்விடுகிறார்கள்.

டாக்டரின் முப்பது நிமிஷம் எப்போதோ முடிந்தது.
முன் லாரி நகர்ந்துவிட்டது.
ஆந்திரா நம்பர் வண்டிக்காரர்
கேபினிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.
ஹாரன் அடிக்கவில்லை.
ஆச்சா என்று கையால் கேட்கிறார்.

இல்லைண்ணே.
இன்னும் பின் சக்கரங்கள் இருக்கு.